ஆட்சி மாறினால் வழக்கும் மாறும்

ஒரே வழக்கு. குற்றம்சாட்டப்பட்டவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். சாட்சிகள் ஏறக்குறைய ஐந்நூறு பேர். இத்தனை பேரையும் நிறுத்தி விசாரிக்க நீதிமன்ற அறை போதாது, கிரிக்கெட் மைதானம்தான் வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொன்னார்கள். தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநர், நடத்துநர், இளநிலைப் பொறியாளர் வேலைகளுக்குப் பணம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்படும் வழக்கு அது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பணம் வாங்கியவர்கள் அல்ல, கொடுத்ததாகச் சொல்லப்படுபவர்கள். அரசு வேலைக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களைத் தமிழகம் நன்றாகவே அறியும். அத்தகையவர்களைக் கூண்டில் ஏற்றி வரிசையை நீட்டிக்கொண்டே போனால், அந்தத் துறையின் அன்றைய அமைச்சர் மீதான விசாரணை அவருடைய ஆயுளுக்குள் முடியுமா? நீதிபதிகளின் கவலையும் அதுவே.

இந்த வழக்கின் மையத்தில் இருப்பவர் வி.செந்தில்பாலாஜி. 2011 முதல் 2015 வரை ஜெயலலிதாவின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறை அவர் கையில் இருந்தது. வேலைக்குப் பணம் என்ற புகார் கிளம்பியபோது அதை மேடைதோறும் பேசியது அன்று எதிரணியில் இருந்த திமுக. 2018 டிசம்பரில் அவர் அதே திமுகவில் சேர்ந்தார். 2021இல் அக்கட்சியின் ஆட்சியில் மின்துறை, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைகளின் அமைச்சரானார். அவ்வாண்டு ஜூலையில், பணம் கொடுத்தவர்களும் எதிர்த்தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்ற காரணத்தைக் காட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ரத்தானது. ஊழல் என்பது இரண்டு பேருக்கு நடுவே பேசித் தீர்த்துக்கொள்ளும் பாக்கி அல்ல, தகுதியில்லாதவர் பதவிக்கு வந்தால் அதன் கேட்டைச் சமூகம் முழுவதும் சுமக்கிறது என்று சொல்லி, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். 2023 ஜூனில் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. சிறையில் இருந்தபடியே எட்டு மாதங்கள் இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார். விசாரணை இப்போதைக்கு முடியாது என்பதால் 2024 செப்டம்பர் 26 அன்று பிணை கிடைத்தது. மூன்றாம் நாள் மீண்டும் அமைச்சர். சாட்சிகள் எல்லாம் அமைச்சரின் நிழலில் நின்று எப்படிப் பேசுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. பதவி வேண்டுமா, வெளியில் இருக்க வேண்டுமா என்று தீர்மானிக்கும்படி 2025 ஏப்ரலில் சொன்ன பிறகுதான் அவர் விலகினார். நீதிமன்றம் சொல்லும்வரை அவருடைய கட்சிக்கும் அது தோன்றவில்லை, முதலமைச்சருக்கும் தோன்றவில்லை.

அரசியல்வாதிகள் சட்டத்தை மீறுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. அதனால் மட்டுமே மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவதில்லை. மீறியதாகச் சொல்லப்படுபவரின் கையிலேயே விசாரிக்கும் அமைப்பும் இருப்பதைக் கண்கூடாகப் பார்க்கும்போதுதான் நம்பிக்கை போகிறது. தமிழகத்தில் கடந்த முப்பது ஆண்டுகளின் ஊழல் வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எந்த வழக்கு எப்போது வேகமெடுத்தது, எப்போது படுத்தது என்பதைத் தேர்தல் முடிவுகளின் தேதிகளே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் மூத்த வழக்கு ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறி 66 கோடியே 65 லட்சம் ரூபாய்ச் சொத்து சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. 1996இல் திமுக ஆட்சிக்கு வந்ததும் வழக்கு பதிவானது. 1997இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சென்னைத் தனி நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 2001 தேர்தலில் அதிமுக வென்றது. ஏற்கெனவே சாட்சியம் சொல்லி முடித்துவிட்டுப் போன 76 பேர் குறுக்கு விசாரணைக்கென்று திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். பிறழ்சாட்சி என்று அறிவிக்கும்படி அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை; எதிர்க்கேள்வி எழுப்பவில்லை. அவரை நியமித்ததும் அதே முதலமைச்சரின் அரசுதான். திமுக பொதுச்செயலாளர் க.அன்பழகன் மனுப் போட்டதன் பேரில், சென்னையில் நியாயமான விசாரணை நடக்காது என்று தீர்மானித்து 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது.

ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் மீதான வழக்கை அந்த மாநிலத்துக்குள் நடத்த முடியாது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொன்னது தமிழகத்துக்குப் பெரிய தலைகுனிவு. அந்தத் தலைகுனிவை உணர்ந்து அமைப்பைத் திருத்த அதன்பின் வந்த எந்த ஆட்சியும் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை.

பெங்களூரிலும் பதினோரு ஆண்டுகள் ஓடின. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 மே மாதம் மக்கள் அவரையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். அந்த டிசம்பரில் அவர் மறைந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று, விடுதலை தவறு, பெங்களூர்த் தனி நீதிமன்றத்தின் தீர்ப்பே சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதன்மைக் குற்றவாளி உயிரோடு இல்லை. அவரோடு தண்டிக்கப்பட்ட மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். 2016இல் வாக்களித்தவர்களின் முன்னால் இருந்தது 'நிரபராதி' என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு. இருபது ஆண்டுகளில் முடியாத ஒன்றை வாக்குச்சாவடியில் இரண்டு நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டிய சாமானியர் அந்தத் தீர்ப்பை நம்பினால் அது அவர் குற்றமா?

இது ஒரு தலைவரோடு முடிந்த கதை என்றால் ஆறுதல் கொள்ளலாம். ஓ.பன்னீர்செல்வம் மீது 2006இல் திமுக ஆட்சி வந்த பிறகு லஞ்ச ஒழிப்புத் துறை சொத்துக் குவிப்பு வழக்குப் பதிந்தது. 2001 முதல் 2006 வரை அவர் அமைச்சராகவும் சில மாதங்கள் முதலமைச்சராகவும் இருந்த காலம் பற்றியது அது. 2011இல் அதிமுக திரும்பியது. அதே லஞ்ச ஒழிப்புத் துறை மேல்விசாரணை நடத்தியது. வழக்குத் தொடரக் கொடுத்த அனுமதியை அரசு விலக்கிக்கொண்டது. 2012 டிசம்பரில் சிவகங்கை நீதிமன்றத்தோடு வழக்கு முடிந்தது. அதற்குள் அடுத்த தலைமுறை வழக்குகள் தயாராகிவிட்டன. 2006 முதல் 2011 வரை திமுக அமைச்சர்களாக இருந்த கே.கே.எஸ்.எஸ்.ஆர்.ராமச்சந்திரன் மீதும் தங்கம் தென்னரசு மீதும் அதிமுக ஆட்சியில் வழக்குகள் பதிவாயின. ஒன்றில் 44 லட்சத்துச் சொச்சம், இன்னொன்றில் 76 லட்சத்துச் சொச்சம் என்று கணக்கும் சொல்லப்பட்டது. பத்தாண்டுகள் அவை நகர்ந்தன. 2021இல் திமுக வந்தது. இருவரும் அமைச்சர்களானார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை மேல்விசாரணை நடத்தி, குற்றம் எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை தந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தனி நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒருவரையும் 2023 ஜூலையில் இன்னொருவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது.

கட்சிப் பெயர்களை இடம் மாற்றி எழுதினால் இரண்டும் ஒரே கதை. இதைக் கவனித்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். 2023 ஆகஸ்ட் முதல் இத்தகைய விடுவிப்புகளை யாரும் மேல்முறையீடு செய்யாமலே தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். யார் மேல்முறையீடு செய்வார்கள்? வழக்குத் தொடுத்த அரசே குற்றம்சாட்டப்பட்டவரின் அரசு. 2024 ஆகஸ்டில் திமுக அமைச்சர்கள் இருவரின் விடுவிப்பையும், அக்டோபரில் பன்னீர்செல்வத்தின் விடுவிப்பையும் அவர் ரத்து செய்தார். முதலில் சொன்னவர்கள் செப்டம்பரிலும் பின்னவர் நவம்பரிலும் உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். இவர்களில் யாரையும் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவேளை எல்லோருமே நிரபராதிகளாக இருக்கலாம். அப்படியென்றால் பத்தாண்டுகள் அவர்கள் மீது பொய் வழக்கு நடந்திருக்கிறது. அதைப் போட்ட அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். நிரபராதிகள் இல்லையென்றால் வழக்கை மூடிய அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று நிச்சயம் உண்மை. இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

எப்படி இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது? லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. அமைச்சர் மீது நடவடிக்கை எடுக்க அனுமதி தருவதும் அரசு இயந்திரத்தின் வழியாகத்தான். அரசு வழக்கறிஞரை நியமிப்பதும் அரசு. 2021 ஆகஸ்டில், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் மாநில அரசுகள் திரும்பப் பெறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகளைச் சில மாநில அரசுகள் கும்பல் கும்பலாகத் திரும்பப் பெற்றதைப் பார்த்துப் போட்ட உத்தரவு அது. முன்வாசலை அப்படி அடைத்தார்கள். மேல்விசாரணை என்ற பக்கவாசல் திறந்தே இருக்கிறது. புதிய சான்று கிடைத்தால் உண்மையை இன்னும் ஆழமாகத் தேடுவதற்காகச் சட்டம் கொடுத்த வழி அது. சேர்த்த சொத்துக்கு, ஆட்சி மாறிய பிறகு புதுப்புது வருமானக் கணக்கைக் கண்டுபிடிக்கும் வழியாக அது ஆகிவிட்டது.

டெல்லியும் இதற்கு விலக்கல்ல. அமலாக்கத் துறையும் சிபிஐயும் எதிர்க்கட்சிக்காரர்களின் வீட்டு வாசலில் காட்டும் சுறுசுறுப்பு, அவர்கள் ஆளுங்கட்சிக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறது. 2014க்குப் பிறகு விசாரணையை எதிர்கொண்டபடி பாஜக பக்கம் போன 25 எதிர்க்கட்சித் தலைவர்களில் 23 பேருக்கு நிவாரணம் கிடைத்ததாக 2024 ஏப்ரலில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் பெயர் பெயராக எழுதியது. காங்கிரஸ் காலத்திலும் சிபிஐயைக் கூண்டுக்கிளி என்று 2013இல் சொன்னது உச்ச நீதிமன்றமே. இன்னும் பின்னால் போனால், 1976இல் திமுக ஆட்சியைக் கலைத்ததோடு இந்திரா காந்தியின் அரசு, அந்த ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரிக்க சர்க்காரியா ஆணையத்தை அமைத்தது. அதையொட்டி எழுந்த வழக்குகள் தீர்ப்பை எட்டவில்லை. 1980 மக்களவைத் தேர்தலில் திமுகவும் இந்திராவின் காங்கிரசும் ஒரே மேடையில் நின்றன. அரை நூற்றாண்டாக இந்தப் பாடத்தைத்தான் மக்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்: குற்றச்சாட்டு என்பது கூட்டணி முறியும்போது வருவது, சேரும்போது போவது.

இதனால் 'அரசியல் பழிவாங்கல்' என்ற ஒற்றைச் சொல் எல்லோருக்கும் கவசமாகிவிட்டது. உண்மையிலேயே பழிவாங்கப்படுபவரும் அதைத்தான் சொல்கிறார். உண்மையிலேயே கொள்ளையடித்தவரும் அதைத்தான் சொல்கிறார். யார் எவர் என்று பிரித்துப் பார்க்க வாக்காளரிடம் எந்தக் கருவியும் இல்லை.

மக்களுக்கு ஊழல் பெரிதாகப் படுவதில்லை, காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு என்ன தார்மிகம் என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்பவர்கள் உண்டு. தமிழக வாக்காளர்களின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1996இல் ஆளுங்கட்சியாக இருந்த அதிமுகவை நான்கே இடங்களுக்குச் சுருக்கினார்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவைப் பர்கூரில் தோற்கடித்தார்கள். 2011இல் அலைக்கற்றை விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது திமுகவை 23 இடங்களுக்கு இறக்கி, எதிர்க்கட்சித் தகுதியைக்கூடப் பறித்தார்கள். இரண்டு முறையும் நீதிமன்றத்துக்கு முன்பாக மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு என்ன நடந்தது? ஐந்தே ஆண்டுகளில், இரண்டு வழக்குகளில் தண்டனை பெற்றுப் போட்டியிடவே முடியாமல் இருந்த ஜெயலலிதாவின் கட்சி 2001இல் 132 இடங்களில் வென்றது. அலைக்கற்றை வழக்கிலோ, 122 உரிமங்களை 2012இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்த பிறகும், 2017 டிசம்பரில் டெல்லித் தனி நீதிமன்றம் ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்ட அனைவரையும் விடுதலை செய்தது. ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்கள் என்று ஏழு ஆண்டுகள் காத்திருந்தும் யாரும் வரவில்லை என்ற பொருளில் நீதிபதி ஓ.பி.சைனி தீர்ப்பில் வருந்தி எழுதினார். சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவே 2024 மார்ச் ஆகிவிட்டது.

கோபப்பட்டுத் தண்டித்த வாக்காளருக்கு, தன் கோபம் நியாயம்தானா என்ற உறுதி ஒருபோதும் கிடைத்ததில்லை. அடுத்த முறை அவர் ஊழலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேருந்து வசதியையும் ரேஷன் அரிசியையும் சாதியையும் பார்த்து ஓட்டுப் போட்டால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அரசியல் அறிஞர் மிலன் வைஷ்ணவ், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தெரிந்தேதான் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்து 2017இல் ஒரு நூலே எழுதினார். அரசாங்க அலுவலகத்தில் நடக்காத காரியம் அவரிடம் போனால் நடக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்பது அவர் வாதம். 2024 மக்களவையில் வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்குகள் இருப்பதாக அறிவித்தவர்கள் என்கிறது ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். 2009இல் அந்த எண்ணிக்கை 162. வழக்கு உள்ளவர் வெல்லும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கு மேல், இல்லாதவருக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. எந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக் குழுவும் இந்தக் கணக்கைப் போடத் தவறாது.

தீர்ப்பை நம்பாத ஒரு சமூகம் எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தர்மபுரி சாட்சி. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அன்றே, கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்கு அதிமுகவினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். மறு ஆண்டு இறுதியில் அந்த ஓட்டல் வழக்கில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. தூக்குத் தண்டனை பெற்று, பிறகு ஆயுளாகக் குறைக்கப்பட்ட மூன்று குற்றவாளிகளையும் 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அதிமுக அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. அந்தப் பெண்களின் பெற்றோரிடம் சட்டத்தின் மாட்சிமை பற்றிப் பேச அந்த அரசுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

சட்டம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் பதவி போகும். விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் போட்டியிட முடியாது. பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் மேல்முறையீடு முடியும்வரை சலுகை தந்த பிரிவை, வழக்கறிஞர் லில்லி தாமஸ் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்தத் தீர்ப்பை முறியடிக்க மன்மோகன் சிங் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர முயன்று, பொதுவெளியில் எழுந்த எதிர்ப்பாலும் ராகுல் காந்தியின் பகிரங்கக் கண்டனத்தாலும் பின்வாங்கியது. லாலு பிரசாத் யாதவ் அந்த ஆண்டே பதவி இழந்தார். அருமையான தீர்ப்பு அது. ஆனால் மேல்நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பையே நிறுத்திவைத்தால் தகுதியிழப்பும் நின்றுவிடும். திமுகவின் க.பொன்முடியைச் சொத்துக் குவிப்பு வழக்கில் 2016இல் விழுப்புரம் நீதிமன்றம் விடுதலை செய்தது; 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறை விதித்தது; திருக்கோவிலூர் தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டது; 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது; பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்த ஆளுநர் ஆர்.என்.ரவியை அதே நீதிமன்றம் கண்டித்தது. 22ஆம் தேதி பொன்முடி மீண்டும் அமைச்சர். மூன்றே மாதங்களில் அமைச்சர், தண்டனை பெற்றவர், மீண்டும் அமைச்சர். இலட்சத்தீவு எம்.பி. முகமது பைசல் 2023இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை பதவி இழந்து இரண்டு முறை திரும்பப் பெற்றார். ஒரு மேடைப் பேச்சுக்காக ராகுல் காந்திக்கு மிகச் சரியாக இரண்டு ஆண்டு தண்டனை கிடைத்து, மறுநாளே பதவி போனதும் அந்த ஆண்டில்தான். கூர்மையான சட்டம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அப்போது இன்னொரு பக்கத்திலிருந்தும் எழுந்தது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த 130ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதா இந்தக் கேள்வியை இன்னும் பெரிதாக்குகிறது. ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் 30 நாட்கள் தொடர்ந்து காவலில் இருந்தால் பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ 31ஆம் நாள் பதவி இழப்பார் என்கிறது அது. சிறையிலிருந்து ஆட்சி நடத்துவது அசிங்கம், சந்தேகமில்லை. ஆனால் கைது செய்யும் அதிகாரம் மத்திய ஆளுங்கட்சியின் விரல் நுனியில் இருக்கும்போது, தீர்ப்பை விட்டுவிட்டுக் கைதையே தகுதியிழப்புக்கு அளவுகோலாக்குவது நோயைப் பெருக்கும். விசாரணை அமைப்பை விடுவிக்காமல் தண்டனையை மட்டும் கூட்டினால், அந்தத் தண்டனையை வழங்கப்போவது நீதிபதி அல்ல, ஆளுங்கட்சி.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது, இதே நாட்டில். 1957 டிசம்பரில், புதிதாக நாட்டுடைமையான எல்ஐசி, ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாயை விதிகளுக்கு மாறாகப் போட்டதை மக்களவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒற்றை உறுப்பினராகக் கொண்டு நேரு விசாரணை வைத்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அந்த முதலீட்டுக்குத் தாம் நேரடிப் பொறுப்பல்ல என்று வாதிட்டபோதிலும், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். சில ஆண்டுகளில் அமைச்சரவைக்குத் திரும்பவும் வந்தார். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஏனெனில் என்ன நடந்தது என்பது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதில் தமிழர் ஒருவரே சம்பந்தப்பட்டிருக்கிறார். சிங்கப்பூரின் போக்குவரத்து அமைச்சர் எஸ்.ஈஸ்வரன் 2023 ஜூலையில் லஞ்ச ஒழிப்புப் புலனாய்வுப் பிரிவால் கைதானார். 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு. உடனே பதவி விலகல். கைதான பிறகு வாங்கிய சம்பளத்தையும் திருப்பித் தந்தார். செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கார்ப் பந்தய, கால்பந்து நுழைவுச் சீட்டுகள், விமானப் பயணம், மது, மிதிவண்டி என்று தொழிலதிபர்களிடமிருந்து பெற்ற அன்பளிப்புகளே வழக்கு. அரசுத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதம். அமைப்புகள் மீதான மக்கள் நம்பிக்கைக்கு நேர்ந்த சேதத்தைக் கருதி நீதிபதி பன்னிரண்டு மாதம் கொடுத்தார். கைதிலிருந்து சிறைவரை பதினைந்து மாதங்கள். அவர் மீது பாய்ந்த தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவு, மெக்காலே காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அங்கே போனது. அந்தக் குற்றத்தை நாமும் 1988இல் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறோம். சட்டத்தில் குறைவில்லை.

சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பத்திரிகைச் சுதந்திரமும் எதிர்க்கட்சிக்கான வெளியும் அங்கே குறுகியவை. அதன் லஞ்ச ஒழிப்புப் பிரிவும் பிரதமருக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் பிரதமர் ஒரு விசாரணைக்கு அனுமதி மறுத்தால், அதன் இயக்குநர் நேராக அதிபரிடம் போய் ஒப்புதல் பெற்று விசாரிக்கலாம் என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தமிழகத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநர் அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. இங்கே அந்த வாசல் ஆளுநர் மாளிகையாக இருக்க முடியாது. அது இன்னொரு கட்சியின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும். உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நிலையான பதவிக்காலத்தோடு ஓர் இயக்குநர், ஆட்சி மாறினாலும் மாறாத அரசு வழக்கறிஞர், குற்றப்பத்திரிகை தாக்கலான பின் மேல்விசாரணைக்கு உயர் நீதிமன்ற அனுமதி என்று மூன்றையும் சட்டமாக்க தமிழகச் சட்டமன்றத்துக்கு எந்தக் கட்சியும் ஒரு மசோதா கொண்டுவந்ததில்லை. ஆளுங்கட்சியாக இருக்கும்போது தேவைப்படுவதில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது, நாளை நமக்கும் அந்தச் சாவி வேண்டுமே என்ற நினைப்பு.

சட்டமன்றம் செய்யும்வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26, நிலுவையில் உள்ள வழக்குகளையும் தண்டனைகளையும் மட்டும் கேட்கிறது. விடுவிக்கப்பட்ட வழக்குகளுக்கு அதில் இடமில்லை. அதனால், சொந்த ஆட்சியின் லஞ்ச ஒழிப்புத் துறையே மூடிய வழக்குகள் வாக்காளரின் கண்ணில் படாமலே போகின்றன. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவான எல்லா வழக்குகளையும், அவை எந்த ஆட்சியில் பதிவாயின, எந்த ஆட்சியில் எந்த அறிக்கையின் பேரில் முடிந்தன, அரசு மேல்முறையீடு செய்ததா என்ற விவரங்களோடு அந்தப் படிவம் கேட்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தும் ஓர் அறிவிக்கை போதும். வெளிநாட்டுச் சொத்துகளையும் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கையும் வேட்பாளர்கள் காட்ட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் இதே படிவத்தை, மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அப்படித்தான் திருத்தினார்கள்.